பதினோரு மணிக்கு வந்த ப்ளவுஸ்கள்

செவல்புதூரில் யாராவது வீடியோ போட்டு ஒரு வேலையைச் சொல்லிக்கொடுத்தால், அதைப் பார்த்து எங்கோ யாரோ செய்து கெடுத்த பொருள் மறுநாள் காலை பதினோரு மணிக்குச் சொல்லிக்கொடுத்தவர் வீட்டு வாசலில் வந்து கிடக்கும். தபால்காரர் கொண்டுவருவதில்லை, கூரியர்காரரும் இல்லை. பத்து ஐம்பத்தொன்பதுக்கு இருக்காது, பதினோரு மணிக்கு இருக்கும், அவ்வளவுதான். கேக் செய்யச் சொல்லிக்கொடுக்கும் தனசேகர் வீட்டு வாசலில் கருகிய கேக்குகள் வரும். பாட்டு வகுப்பு நடத்தும் மரியசெல்வியின் ஜன்னல் கம்பிகளில் சுருதி தப்பிய ஸ்வரங்கள் வந்து உட்காரும். அவர் மிக்சியை ஓடவிட்டு விரட்டுவார். அதிகாலையில் எழுவது எப்படி என்று பேசுகிற ஒருவர் இரண்டாம் தெருவில் இருந்தார். அவர் வாசலில் அலாரம் கடிகாரங்கள் குவிந்து கிடந்தன. எல்லாம் ஒன்பதரைக்கு அடிக்கும்.

இதற்கு ஒழுங்கான விதிகள் இருந்தன. கெடுத்தவர் என்றைக்குச் சரியாகச் செய்துவிடுகிறாரோ, அதற்கடுத்த பதினோரு மணிக்கு அவர் அதுவரை கெடுத்ததெல்லாம் வாசலைவிட்டு அவரிடமே திரும்பிப் போய்விடும். நமக்கு இது வராது என்று பாதியில் விட்டவர்களுடையது மட்டும் வாசலிலேயே கிடந்து வெளுத்துப்போகும். வெளுத்ததைச் சனிக்கிழமை நகராட்சி வண்டி அள்ளிக்கொண்டு போகும். ஆக, வாசலில் கிடப்பதெல்லாம் இன்னும் விடாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறவர்களுடையது. ஊரில் யார் இதையெல்லாம் யோசிக்கிறார்கள்? குவியல் பெரிது என்றால் ஆள் பெரிது. பெண் பார்க்கப் போய்விட்டு வந்தவர்கள்கூட, “அவங்க வீட்டுக் குவியல் ஜன்னல் வரைக்கும் இருக்கு” என்றுதான் முதலில் சொல்வார்கள்.

நகராட்சியின் புத்தியும் அதே புத்திதான். மாதம் பிறந்தால் முதல் தேதி மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் குவியல் அளப்பவர் அருள்தாஸ் ஒரு மரக்கோலோடு வருவார். குவியல் முழங்காலுக்குக் கீழே இருந்தால் அந்த வீட்டுச் சேனலை எடுத்துக்கொண்டு போய், வரிசையில் காத்திருக்கும் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார். யாருடைய முழங்கால் என்று ஒரு காலத்தில் பெரிய சண்டையே நடந்தது. அருள்தாஸின் முழங்கால்தான் என்று தீர்மானம் போட்டபிறகு அமைதியாகிவிட்டார்கள்.

ஜெயக்கொடி நான்கு வருஷமாக ப்ளவுஸ் தைக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. பதினோரு மணி அடித்ததும் வாசலில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, வந்து விழுந்த ஒவ்வொரு ப்ளவுஸையும் உள்பக்கம் திருப்பிப் பார்ப்பாள். மற்றவர்கள் பேப்பர் படிக்கிற நேரத்தில் அவள் தையல் படிப்பாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவள் அளவை ஈரத்துணியில் எடுத்திருக்கிறாள், இவள் பொறுமை கழுத்து வரைக்கும்தான் வந்திருக்கிறது, இவளுக்குக் கத்தரி மொட்டை என்று அவளுக்கு அப்படியே தெரிந்துவிடும். மறுநாள் வீடியோவில் அதைச் சொல்லிவிடுவாள். “பச்சைத் துணில தச்சவங்க, உங்க கத்தரிய மாத்துங்க. நீங்க நல்லாத்தான் வெட்டுறீங்க” என்பாள். அடுத்த வாரம் பச்சைத் துணி வாசலில் இருக்காது.

இப்படிச் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும்? கழுத்து உயரம் இருந்த குவியல் இடுப்புக்கு வந்தது. இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கியது. அவள் வீட்டுக்காரர் தங்கப்பாண்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பேட்டரிக் கடை வைத்திருந்தார். டீக்கடையில் அவரை ‘ப்ளவுஸ் சேனல்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள், அவருக்கும் அது பிடித்திருந்தது. காலையில் கடைக்குப் போகும்போது குவியல் பக்கத்தில் காலை வைத்து, தன் முழங்காலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அருள்தாஸ் தன்னைவிடக் குள்ளம் என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி.

எதிர்வீட்டு சுகந்தியும் ப்ளவுஸ்தான் சொல்லிக்கொடுத்தாள். ‘அளவே எடுக்காமல் ஆறு நிமிடத்தில் ப்ளவுஸ்’ என்பது அவளுடைய சேனல். அவள் வீட்டுக் குவியல் சன்ஷேடைத் தொட்டு, வீட்டுக்குள் போய்வர அதற்குள் ஒரு சுரங்கம் மாதிரி வழி விட்டிருந்தார்கள். நல்ல பெண், மனதில் ஒன்றும் கிடையாது. ஜெயக்கொடியின் குவியல் இறங்குவதைப் பார்த்து அவளுக்கும் கவலைதான்.

“யக்கா, ஒண்ணும் பெருசா செய்ய வேண்டாம். கைக்குழி அளவ மட்டும் ஒரு அர இஞ்சு தள்ளிச் சொல்லுங்க. பத்து நாள்ல இடுப்புக்கு ஏறிரும்.”

“அப்புறம் அவளுகளுக்குக் கை தூக்க வராதுல்ல?”

“தூக்க வராட்டித்தானக்கா திரும்பப் பாப்பாளுக.”

அதில் நியாயம் இருந்தது. ஜெயக்கொடி இரண்டு நாள் அதை யோசிக்கவும் செய்தாள். மூன்றாம் நாள் கேமரா முன்னால் உட்கார்ந்து அரை இஞ்சு தள்ளிச் சொல்ல வாயைத் திறந்தபோது சரியான அளவுதான் வெளியே வந்தது. வாய் அப்படிப் பழகிவிட்டது, என்ன செய்ய.

ஆனால் நான் சொல்லவந்தது அந்தப் புள்ளித்துணியைப் பற்றி.

பத்து மாதமாகப் புதன்கிழமை தோறும் ஒரு ப்ளவுஸ் வந்துகொண்டிருந்தது. காப்பிக்கொட்டை நிறம், அதில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளி. யாரோ மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு வாரம் ஒன்றாகத் தைக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை தைக்கிற ஆள் என்பது தெரிந்தது, வேறு ஒன்றும் தெரியவில்லை. கமெண்ட் கிடையாது, கேள்வி கிடையாது. ஜெயக்கொடிக்கு அந்த ஆளின்மேல் அப்படி ஒரு ஆர்வம் வந்துவிட்டது. காரணம், அந்தத் தையல். ஒரு நூல் பிசிறு இருக்காது. கழுத்து வளைவு கோலம் போட்டதுபோல் இருக்கும். இருபது வருஷமாகத் தைக்கிற ஜெயக்கொடியே அப்படித் தைக்க மாட்டாள். ஆனால் கொக்கி இடப்பக்கம் இருக்கும். வலப்பக்கம் இருக்க வேண்டியது எல்லாம் இடப்பக்கம், இடப்பக்கம் இருக்க வேண்டியது எல்லாம் வலப்பக்கம். முழுசாக இடம் மாறிய ப்ளவுஸ்.

“இப்படித் தைக்கிற கைக்கு, கொக்கி எந்தப் பக்கம்னா தெரியாமப் போகும்?” என்று அவள் தங்கப்பாண்டியிடம் கேட்பாள்.

“சும்மா வம்புக்குத் தைக்கிறாங்களோ என்னமோ.”

“வம்புக்குத் தைக்கிறவங்க இவ்வளவு நல்லாத் தைக்க மாட்டாங்க.”

கொக்கிப் பட்டியைப் பற்றி மட்டும் ஏழு வீடியோ போட்டாள். மெதுவாகக் காட்டினாள், கிட்டத்தில் காட்டினாள், துணிக்குப் பதில் காகிதத்தில் காட்டினாள். வலது, வலது என்று வாய் வலிக்கச் சொன்னாள். புதன்கிழமை பதினோரு மணிக்குப் புள்ளித்துணி வந்தது, கொக்கி இடப்பக்கம். அவளுக்கு ஒருநாள் அழுகையே வந்துவிட்டது.

அந்த மாதக் கடைசியில் மற்ற எல்லாரும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். வாசலில் புள்ளித்துணி மட்டும் மிச்சம். நாற்பத்து மூன்று ப்ளவுஸ்கள். தங்கப்பாண்டி அவற்றை மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார். அவருடைய முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே நின்றது. அருள்தாஸின் முழங்காலுக்குச் சரியாக இருக்கும்.

“தப்பிச்சோம்” என்றார். முதல் தேதி வருகிற புதன்கிழமை.

முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை ஜெயக்கொடி தன்னுடைய வீடியோ ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்த்தாள். அதுவரை பார்த்ததில்லை. தன் மூஞ்சியைத் தானே அரை மணி நேரம் யார் பார்ப்பார்கள்? மூஞ்சி சரியாகத்தான் இருந்தது, தினமும் கண்ணாடியில் பார்க்கிற மூஞ்சிதான். பன்னிரண்டாவது நிமிஷத்தில் பின்னால் தங்கப்பாண்டி தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போனார். அவள் அங்கே நிறுத்தினாள்.

“இங்க வாங்களேன்” என்று கூப்பிட்டாள்.

அவர் பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றார். அவள் அவர் சட்டையைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மறுபடி சட்டையைப் பார்த்தாள்.

“உங்க சட்டைப் பை எந்தப் பக்கம்?”

“எல்லாருக்கும் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான்.”

“இதுல வலப்பக்கம் இருக்கு.”

விஷயம் அவ்வளவுதான். தலை வெட்டுப்படாமல் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வசதியாக, நான்கு வருஷமும் அவள் போனின் முன்பக்கக் கேமராவில் எடுத்திருந்தாள். அது எல்லாவற்றையும் கண்ணாடிபோல் இடம் மாற்றிப் பதிந்துவைத்திருந்தது. பின்னால் ஒரு காலண்டர் தொங்கியிருந்தால் எழுத்து இடவலம் மாறி முதல் நாளே தெரிந்திருக்கும். சுவர் பளிச்சென்று இருக்கட்டும் என்று காலண்டரைக் கழற்றியவர் தங்கப்பாண்டி. வலது என்று வாய் சொல்ல, கை இடப்பக்கம் தைத்துக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் வீட்டில் கிடந்த பழைய ப்ளவுஸ் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துச் சரிசெய்துகொண்டார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் பழைய ப்ளவுஸைத் தேடவில்லை. வாயையும் நம்பாமல் ஜெயக்கொடியின் கையை மட்டும் நம்பி, கை செய்ததை அப்படியே செய்திருந்தார்.

ஜெயக்கொடி நாற்பத்து மூன்றையும் மடியில் எடுத்துவைத்துக்கொண்டாள். நான்கு வருஷத்தில் தன்னை முழுசாகக் கவனித்தது ஒரே ஒருவர்தான், அந்த ஒருவரைத்தான் பத்து மாதமாகத் தப்பு செய்யவைத்திருக்கிறோம் என்று இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

பிறகு மேலே இருந்த நாற்பத்து மூன்றாவது ப்ளவுஸைப் பிரித்துப் பார்த்தாள். அதன் கைகள் முழுத்துணி இல்லை. மூன்று மூன்று துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தது. புள்ளிகள் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி பார்த்துப் பார்த்து ஒட்டியிருந்தது.

“துணி தீரப்போகுது” என்றாள். “இன்னும் ஒண்ணுக்குத்தான் பத்தும்.”

தங்கப்பாண்டி வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “இப்ப என்ன செய்யப்போற?”

“திருத்தி வீடியோ போடணும்.”

“போடு, வேண்டாங்கல. புதன்கிழம பன்னெண்டு மணிக்கு அருள்தாஸ் சார் அளந்துட்டுப் போகட்டும். பன்னெண்டே காலுக்குப் போடு.”

“செவ்வாக்கிழம அவங்க கடைசித் துணிய வெட்டிருவாங்க.”

“வேற துணி வாங்கமாட்டாங்களா?”

“வாங்குறவங்க ஒட்டுப்போடுவாங்களா? தீந்துச்சுன்னா விட்ருவாங்க. விட்டா எல்லாம் வெளுத்துரும். இவ்வளவு தையலும் வெளுத்துரும்ங்க.”

“அவங்க சரியாத் தச்சுட்டா வாசல்ல ஒண்ணுமே இருக்காது ஜெயா. சேனல் போயிரும்.”

“போயிரும்” என்றாள் ஜெயக்கொடி.

அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். சுகந்தி செய்தி கேள்விப்பட்டுத் தன் குவியலிலிருந்து ஒரு பை நிறைய ப்ளவுஸ்களை அள்ளிக்கொண்டு வந்து ஜெயக்கொடி வாசலில் கொட்டிப் பார்த்தாள். அவை கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு, தெருவைக் கடந்து சுகந்தி வீட்டுக்கே போய்விட்டன. “நன்றி கெட்டதுக” என்று சொல்லிவிட்டு அவளும் பின்னாலேயே போனாள்.

திங்கட்கிழமை ஜெயக்கொடி போனைத் திருப்பிவைத்துப் பின்பக்கக் கேமராவில் எடுத்தாள். தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாததால் தலை வெட்டுப்பட்டுவிட்டது. கையும் துணியும் கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பும்தான் தெரிந்தன.

“புள்ளித்துணில தைக்கிறவங்களுக்கு மட்டும் இது” என்று ஆரம்பித்தாள். “தப்பு உங்க மேல இல்ல. என் மேல. நான் உங்களுக்குக் கண்ணாடியக் காட்டிட்டு இருந்திருக்கேன். நீங்க தச்சது எல்லாம் சரி. இனி இந்தக் கையப் பாருங்க.” பிறகு ஒரு வார்த்தை பேசாமல் நாற்பது நிமிஷம் தைத்துக்காட்டினாள். அதை மொத்தம் பதினொரு பேர் பார்த்தார்கள்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு வாசலில் சிமெண்டுத் தரை இருந்தது. நாற்பத்து மூன்றும் போயிருந்தன, நாற்பத்து நான்காவது வரவில்லை. ஜெயக்கொடி துடைப்பம் எடுத்து வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தாள். தங்கப்பாண்டி கடைக்குப் போகவில்லை. அன்றைக்கு மட்டும் அவர் சட்டைப் பையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு அருள்தாஸ் வந்தார். மரக்கோலைத் தரையில் நிறுத்தி, குனிந்து, கண்ணாடியை மேலே தள்ளிப் பார்த்து, “ஜீரோ” என்று எழுதினார். தன் கையாலேயே அதை எழுத அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

“எங்க வீட்டம்மா உங்களப் பாத்துத்தாம்மா தச்சுப் போட்டிருக்கா. தீபாவளிக்கு எல்லாமே அவ தச்சதுதான்” என்றார்.

“கழுத்து இறக்கம் சரியா வந்துச்சாமா சார்?”

“மூணாவதுல வந்துருச்சு.”

கையெழுத்துப் போட்டுவிட்டு ஜெயக்கொடி உள்ளே போய் டிவிக்குப் பின்னாலிருந்த சேனலை எடுத்துக்கொண்டு வந்தாள். உள்ளங்கை அகலம்தான் இருந்தது, கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது. அருள்தாஸ் அதை மஞ்சப்பையில் போட்டு, பையின் வாயைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். தெருக்கோடியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர் இருந்தார், அங்கே அளக்க அவருக்கு ஏணி வேண்டும்.

ஒரு வாரம் ஜெயக்கொடிக்குப் பதினோரு மணி ஆனால் கை என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தது. உண்மையைச் சொன்னால் துக்கமாகத்தான் இருந்தது. சேனல் போனதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். அந்த ஆள் யார் என்று கடைசிவரை தெரியாமல் போய்விட்டதே, அதுதான் அரித்தது. நாற்பத்து மூன்று ப்ளவுஸ் வந்தும் ஒரு பேர் வரவில்லை.

எட்டாம் நாள் போனை விரலால் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு புதிய சேனல் கண்ணில் பட்டது. தலை வெட்டுப்பட்டு, இரண்டு கைகளும் துணியும் கழுத்தில் தொங்கும் இஞ்சு டேப்பும் மட்டும் தெரிந்தன. அவள் கடைசி வீடியோவை எப்படி எடுத்திருந்தாளோ, அப்படியே. வணக்கம் கிடையாது, பேச்சு கிடையாது, நாற்பது நிமிஷம் தையல். சேனல்காரர் தைத்தது ஜெயக்கொடி அதுவரை பார்த்திராத ஒன்று. கொக்கியை வலப்பக்கமும் மாட்டலாம், இடப்பக்கமும் மாட்டலாம், ப்ளவுஸை உள்ளை வெளியே திருப்பியும் போடலாம். இரண்டு பக்கமும் தையல் தெரியாது. பத்து மாதம் இடம் மாற்றித் தைத்து, பிறகு ஒரே நாளில் திருத்திக்கொண்ட கைக்கு மட்டும்தான் அது வரும்.

ஜெயக்கொடி மாம்பழ நிறத்தில் ஒரு துணியை எடுத்துக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தாள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். அளவை எழுதிக்கொண்டாள். சாயங்காலம் வரை தைத்தாள், கெட்டுப்போனது. எங்கே கெட்டது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியாக எப்போது ஒரு ப்ளவுஸைக் கெடுத்தோம் என்று அவளுக்கு ஞாபகமில்லை. அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் வீட்டு வேலை முடிந்ததும் போட்டுப் பார்த்தால் எங்கே கெட்டதென்று தெரிந்துவிடும் என்று அதை மாட்டிக்கொண்டு, பீரோக் கண்ணாடி முன்னால் நின்றாள். இடது கையைத் தூக்கினால் முதுகில் இழுத்தது. வலது கையைத் தூக்கிப் பார்க்கலாம் என்று தூக்கினாள். அப்போது பதினோரு மணி.

அவள் வேறொரு ஊரில், நீலம் அடித்த ஒரு கதவின் முன்னால், ஏழெட்டு ப்ளவுஸ்களின்மேல் உட்கார்ந்திருந்தாள். வலது கை இன்னும் தூக்கியபடி இருந்தது. அதை இறக்கிக்கொண்டாள். செவல்புதூர் விதி அந்த ஊரிலும் இருந்தது போலிருக்கிறது. தெருவில் போன ஒரு காய்கறி வண்டிக்காரர், “கத்திரிக்கா வேணுங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

கதவைத் திறந்து ஒரு பெண்மணி வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவர் ஜெயக்கொடியின் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, தோளைத் தொட்டு, அக்குள் பக்கம் துணியைச் சுண்டிப் பார்த்தார்.

“கைக்குழில அர இஞ்சு கூட வெட்டிப்போட்டே கண்ணு” என்றார்.

“அதானா? முதுகுல இழுத்துச்சு.”

“இழுக்கத்தான் செய்யும். உள்ள வா, பிரிச்சுத் தச்சுக்கலாம். ஒரு மணி நேர வேல. சரியாப் போச்சுன்னா நீ ஊருக்குப் போயிருவ.”

ஜெயக்கொடி குவியலிலிருந்து இறங்கி உள்ளே போனாள். அந்தப் பெண்மணி மாற்றிக்கொள்ளத் தன் ப்ளவுஸ் ஒன்றைக் கொடுத்துவிட்டு, காப்பி போட அடுப்படிக்குப் போனார். ஜன்னலோரம் மிஷின் இருந்தது, பக்கத்தில் இரண்டு ஸ்டூல்கள் இருந்தன. ஜெயக்கொடி ஒன்றில் உட்கார்ந்து, மாம்பழத் துணியை மடியில் விரித்து, முதல் நூலை எடுத்தாள். ஒரே இழுப்பில் வந்துவிடும் தையல்தான் அது. அவள் அவசரமில்லாமல், ஒவ்வொரு தையலாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.